குடும்பத்தோடு விமானப் பயணம்: சேர்ந்து உட்கார சீட்டுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டுமா?

நான்கு பேர் சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய்வர டிக்கெட் போடுகிறீர்கள். பெயரும் வயதும் பதிந்து முடித்ததும் சீட் படம் திறக்கும். ஜன்னலோரம் ஒரு விலை, நடைபாதை ஓரம் ஒரு விலை, நடு சீட் கொஞ்சம் குறைவு, முதல் வரிசையும் அவசர வழி வரிசையும் பல மடங்கு. தலைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் போக வர 2,400 ரூபாய். நடுவில் ஹைதராபாத்தில் விமானம் மாறுவதாக இருந்தால் 4,800. சீட் கட்டணம் ஊருக்கு ஊர் கணக்கு அல்ல. ஏறுகிற ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி.

பெற்றோரை அந்தப் பக்கத்தில் காசு கட்ட வைப்பது ஒரே பயம்: பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துவிடுவார்களோ? இந்தியாவில் சின்னப் பிள்ளை விஷயத்தில் இந்தப் பயத்துக்காகக் காசு கட்ட வேண்டியதில்லை. அது ஏற்கெனவே உங்களுக்குச் சேர வேண்டிய உரிமை. விதி காப்பாற்றாத இடங்கள் சில இருக்கின்றன. காசை அங்கே செலவிடுங்கள்.

விதி எதைத் தருகிறது, எதைத் தராது

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, அதே பிஎன்ஆரில் (ஒரே முன்பதிவு எண்ணில்) பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவருடனாவது சீட் ஒதுக்க வேண்டும். ஒதுக்கியதற்குப் பதிவேடும் வைக்க வேண்டும். விருப்பமான சீட்டுக்குத் தனிக் கட்டணம் வாங்கவும் நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நிலைமை புரியும்: எந்த சீட் வேண்டும் என்று நீங்கள் தேர்வு செய்தால் காசு, பிள்ளை பெற்றோரோடு இருப்பதற்கு மட்டும் காசு இல்லை.

உத்தரவில் ஒவ்வொரு சொல்லும் முக்கியம். ‘ஒருவருடனாவது’ என்றால் அப்பா, அம்மா இருவரும் சேர்ந்திருப்பதற்கு உத்தரவாதம் இல்லை. அம்மாவோடு சின்னவள் 8ஆம் வரிசையிலும், அப்பாவோடு பெரியவன் 27ஆம் வரிசையிலும் உட்கார்ந்தால் விதி நிறைவேறிவிட்டது. 13 வயதுப் பிள்ளை கணக்கில் வராது. தாத்தா பாட்டி தனியாக உட்கார நேர்ந்தால் அதைப் பற்றி விதியில் பேச்சே இல்லை. எந்த வரிசை, ஜன்னலா நடு சீட்டா என்பதும் உங்கள் விருப்பம் அல்ல. கழிப்பறை ஓரக் கடைசி வரிசையும் கிடைக்கலாம்.

‘அதே பிஎன்ஆர்’ என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அப்பாவின் டிக்கெட்டை அலுவலகம் போட்டது, அம்மாவும் பிள்ளைகளும் வேறு செயலியில் என்றால், கணினிக்கு அவர்கள் இரண்டு குடும்பங்கள். சலுகைக் கட்டணத்தில் இரண்டு இடம்தான் மிச்சம் என்று இரண்டிரண்டாகப் பிரித்துப் போட்டாலும் இதே கதை. அப்படிப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு பிஎன்ஆரிலும் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்று ஜோடி சேருங்கள். பெரியவர்கள் இருவரும் ஒன்றில், பிள்ளைகள் இருவரும் இன்னொன்றில் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

வயதுப் பதிவும் அப்படித்தான். உள்நாட்டு விமானங்களில் 2 வயது கடந்த பிள்ளைக்கும் பெரியவருக்கும் பெரும்பாலும் ஒரே கட்டணம் என்பதால், சிலர் அவசரத்தில் பிள்ளையையும் ‘பெரியவர்’ என்றே பதிந்துவிடுகிறார்கள். விலையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் இருக்கை ஒதுக்கும் மென்பொருளுக்கு அங்கே பிள்ளை இருப்பதே தெரியாமல் போய்விடும். நான்கு பெரியவர்கள் என்று எடுத்துக்கொண்டு நான்கு மூலைக்கு அனுப்பும்.

காசு கட்டாதவர்கள் ஏன் சிதறுகிறார்கள்

இந்திய உள்நாட்டு வழித்தடங்களில் பெரும்பாலும் ஓடுவது ஏர்பஸ் ஏ320 வகை அல்லது போயிங் 737. நடைபாதைக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. காசு கட்டுகிறவர்கள் முதலில் எடுப்பது ஜன்னலும் நடைபாதை ஓரமும். பயண நாள் நெருங்கும்போது மிஞ்சுவது வரிசைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் நடு சீட்டுகள். விமானங்கள் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பிப் பறக்கும் நாட்டில், தானியங்கி ஒதுக்கீடு வேறு எதைத் தர முடியும்?

இதில் பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. பயணத்துக்கு ஐந்து நாள் முன்பு சீட் படத்தைத் திறந்தால் பாதிக்கு மேல் காலியாகத் தெரியும். ‘கூட்டமே இல்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவார்கள். அந்தப் படத்தில் தெரிவது சீட் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டும்தான். டிக்கெட் வாங்கிவிட்டு சீட் எடுக்காமல் இருப்பவர்கள் அதில் தெரியமாட்டார்கள். படம் காலி என்பதால் விமானமும் காலி என்று நம்பக் கூடாது.

அதே சமயம், படத்தில் அடைபட்டுத் தெரியும் எல்லா சீட்டும் விற்றுப்போனவையும் அல்ல. சக்கர நாற்காலிப் பயணிகளுக்காகவும் கடைசி நேர மாற்றங்களுக்காகவும் சிலவற்றை நிறுவனமே பிடித்து வைக்கும். அவை விமான நிலைய ஊழியர் கையில்தான் திறக்கும். கவுன்டரில் சீக்கிரம் போய்க் கேட்பவருக்குச் சேர்ந்த இருக்கை கிடைப்பதற்குக் காரணம் இது.

வழி ஒன்று: ஒரு பைசா கட்டாமல்

குழந்தை 12 வயதுக்குள், பயணம் மூன்று மணி நேரத்துக்குள், நேரடி விமானம் என்றால் எங்கள் முதல் பரிந்துரை இதுதான். சும்மா இருந்தால் நடக்காது. சில வேலைகளை நேரத்துக்குச் செய்ய வேண்டும்.

டிக்கெட்டை ஒரே பிஎன்ஆரில், பிறந்த தேதி சரியாகப் போட்டு வாங்குங்கள். சீட் பக்கத்தில் ‘தவிர்’ என்ற பொத்தான் எப்போதும் உண்டு. சில செயலிகளில் கீழே சின்னதாக இருக்கும், சிலவற்றில் ‘சேர்ந்து உட்கார முடியாமல் போகலாம்’ என்று எச்சரிக்கை வரும். அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம்.

வாங்கிய கையோடு நிறுவனத்தின் சாட் வசதியிலோ மின்னஞ்சலிலோ பிஎன்ஆர் எண்ணைக் குறிப்பிட்டு, ‘12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், பெற்றோருடன் சீட் ஒதுக்கவும்’ என்று எழுதிப் பதிலைச் சேமித்து வையுங்கள். பின்னால் கவுன்டரில் காட்ட உதவும்.

இந்திய நிறுவனங்களின் உள்நாட்டுப் பயணத்துக்கு வெப் செக்-இன் பெரும்பாலும் 48 மணி நேரம் முன்பே திறந்துவிடும். திறந்ததும் செய்யுங்கள். நான்கு பேரையும் ஒரே தடவையில் டிக் செய்து முடிக்க வேண்டும். இப்போதைக்கு எனக்கு மட்டும், மற்றவர்களுக்கு ராத்திரி என்று பிரித்தால் நீங்களே உங்களைப் பிரித்துக்கொள்கிறீர்கள். இங்கும் இலவச சீட் கிடைத்தால் எடுங்கள். காசுள்ள சீட் மட்டுமே தெரிந்தால் தவிர்த்துவிட்டுத் தானியங்கி ஒதுக்கீட்டை ஏற்கலாம்.

ஒதுக்கீடு பிரிந்து வந்தால் அத்தோடு முடிந்துபோகவில்லை. புறப்பாட்டுக்கு இரண்டரை மணி நேரம் முன்பே கவுன்டருக்குப் போங்கள். உள்நாட்டுப் பயணத்துக்குக் கவுன்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடும். மூடும் நேரத்தில் ஓடிப்போய் நின்றால் ஊழியர் கையில் எதுவும் மிச்சம் இருக்காது. ‘டிஜிசிஏ உத்தரவுப்படி பிள்ளைக்குப் பெற்றோருடன் சீட் வேண்டும்’ என்று நேராகச் சொல்லுங்கள். கெஞ்சவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். கவுன்டரில் போர்டிங் பாஸ் அடித்துத் தரக் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. கவுன்டரில் முடியவில்லை என்றால் அடுத்தது போர்டிங் கேட். விமானத்துக்குள் போய்ப் பேசுவது கடைசி வழி.

கடைசி வழி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளே போனபின் உங்களுக்கு சீட் தருவது நிறுவனம் அல்ல, இன்னொரு பயணி. அவர் காசு கொடுத்து ஜன்னலை வாங்கியிருக்கலாம். நடு சீட்டைக் காட்டி அவருடைய ஜன்னலைக் கேட்பது நியாயம் இல்லை. ஜன்னலுக்கு ஜன்னல், ஓரத்துக்கு ஓரம், அல்லது பின்னால் இருப்பவருக்கு முன்வரிசை என்று அவருக்குக் குறையில்லாத மாற்றத்தைக் கேளுங்கள். விமானப் பணிப்பெண்ணிடம் சொல்லிவிட்டு மாறுங்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது எடைச் சமநிலைக் கணக்கில் வரும். மதுரை, தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்கு ஓடும் ஏடிஆர் போன்ற சின்ன விமானங்களில் இது இன்னும் முக்கியம்.

வழி இரண்டு: தேவையான அளவுக்கு மட்டும் கட்டுவது

இதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. எல்லோருக்கும் கட்டு, அல்லது யாருக்குமே கட்டாதே என்று இரண்டே வழிதான் இருப்பதாக நினைக்கிறார்கள்.

மூன்று பேர் குடும்பம்: அம்மாவுக்கும் பிள்ளைக்கும் மட்டும் பக்கத்துப் பக்கத்து சீட் வாங்கிவிட்டு, அப்பாவைத் தானியங்கி ஒதுக்கீட்டில் விடலாம். மூன்றில் ஒரு பங்கு மிச்சம். இரண்டு மணி நேரப் பயணத்தில் அவர் ஆறு வரிசை தள்ளி இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. நான்கு பேர் என்றால், அதிகம் கவனிப்பு வேண்டிய பிள்ளைக்கும் ஒரு பெரியவருக்கும் வாங்குங்கள். இரண்டாவது பிள்ளையும் 12க்குள் என்றால் அவனை விதி காப்பாற்றும்.

ஒரு தவறு மட்டும் வேண்டாம். பெரியவருக்கு மட்டும் காசு கட்டி ஓர் ஓர சீட்டை எடுத்துவிட்டு, ‘பிள்ளையை விதிப்படி பக்கத்தில் வைப்பார்கள்’ என்று விடாதீர்கள். நாலு நாளில் பக்கத்து நடு சீட்டை வேறொருவர் காசு கட்டி வாங்கிவிட்டால், ஊழியர் உங்களைத்தான் அங்கிருந்து கிளப்பி வேறு வரிசைக்கு மாற்ற நேரும். கட்டிய காசு வீண். வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்.

எந்த ஜோடி என்பதிலும் சூட்சுமம் உண்டு. ஒரு பக்கத்து மூன்று சீட்டை ஏ, பி, சி என்று எடுத்துக்கொண்டால் ஏ ஜன்னல், சி நடைபாதை ஓரம். பிள்ளையை ஏ-யிலும் பெரியவரை பி-யிலும் வைப்பது நல்லது. பிள்ளைக்கும் அந்நியருக்கும் இடையே நீங்கள் இருப்பீர்கள். தள்ளுவண்டியும் சூடான டீயும் பிள்ளையின் கைக்கு எட்டாது. பால் கொடுக்கும் தாய் என்றால் அவரே ஏ-யில் உட்காரலாம், ஜன்னலோரம் மறைவு கிடைக்கும். அடிக்கடி கழிப்பறை கேட்கும் வயது என்றால் மட்டும் பெரியவர் ஓரத்திலும் பிள்ளை நடுவிலுமாக பி-சி எடுக்கலாம்.

நான்கு பேரும் சேர்ந்திருக்க வேண்டும் என்றால் ஒரே வரிசையில் ஏ, பி, சி எடுத்து நான்காவது ஆளை நடைபாதைக்கு அந்தப் பக்கம் டி-யில் வைப்பது பலரும் செய்வது. எங்கள் பார்வையில் முன்னும் பின்னுமாக இரண்டு ஜோடி மேல்: 20ஏ, 20பி, 21ஏ, 21பி. விலை கூடிய ஓர சீட்டுகளை வாங்க வேண்டியதில்லை. பின்னால் இருக்கும் பிள்ளை முன் சீட்டை உதைத்தாலும் உதை வாங்குவது சொந்த அண்ணன்தான். கைக்குழந்தை இரண்டு இருக்கும் குடும்பங்களுக்கும் இதுவே வழி. ஒரு மூன்று சீட் தொகுதியில் மடிக்குழந்தைக்கென்று ஒரே ஒரு உபரி ஆக்சிஜன் முகமூடிதான் இருக்கும் என்பதால், இரண்டு மடிக்குழந்தைகளை ஒரே தொகுதியில் உட்கார விடமாட்டார்கள். அவசர வழி வரிசையும் பிள்ளைகளுக்குக் கிடையாது. தவறி வாங்கினால் விமான நிலையத்தில் மாற்றிவிடுவார்கள்.

அம்மா மட்டும் பிள்ளையோடு போகிறார், மூன்றாவது சீட்டில் யார் வருவார்களோ என்ற யோசனை இருந்தால்: பெண் பயணிகள் எடுத்த சீட் எவை என்று பெண் பயணிகளுக்கு மட்டும் வெப் செக்-இன்னில் காட்டும் வசதியை இண்டிகோ 2024இல் கொண்டுவந்தது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வழி மூன்று: எல்லோருக்கும் கட்டுவது

யோசிக்காமல் கட்டலாம் என்று சொல்லக்கூடிய நிலைமைகள் இவை. மறதி நோயோ நடமாட்டச் சிரமமோ உள்ள பெரியவர் உடன் வருகிறார். முதல் முறை பறக்கும், இந்தியும் ஆங்கிலமும் தெரியாத பாட்டி வருகிறார். ஆட்டிசம் உள்ள பிள்ளை, அவனுக்கு அண்ணனும் பக்கத்தில் வேண்டும். 13, 14 வயதில் தனியே இருக்கப் பயப்படும் பிள்ளை. இவர்களில் ஒருவரையும் விதி காப்பாற்றாது, இவர்களைத் தனியாக விடவும் முடியாது. சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தாலும் அது அந்த ஒருவருக்கான ஏற்பாடுதான். துணைக்கு வருபவருக்கு அதே பிஎன்ஆரில் பக்கத்து சீட் என்று தனியாகக் கேட்க வேண்டும், இல்லையேல் வாங்க வேண்டும்.

எல்லோருக்கும் கட்டுவதாக முடிவு செய்தால் உடனே சீட் பக்கத்துக்குப் போகாமல், ஒரு படி மேலான கட்டண வகையின் விலையைப் பாருங்கள். சீட்டும் சாப்பாடும் குறைந்த மாற்றக் கட்டணமும் சேர்ந்த தொகுப்பாக நிறுவனங்கள் விற்கின்றன. தலைக்கு 600 ரூபாய் வித்தியாசத்தில் 300 ரூபாய் சீட்டும் 350 ரூபாய் சாப்பாடும் வருமானால் தொகுப்பு லாபம். வீட்டிலிருந்து இட்லி கட்டிக்கொண்டு போகிற குடும்பத்துக்கு அது நஷ்டம்.

நீண்ட பயணத்தில் கணக்கு மாறும்

சென்னை–லண்டன் நேரடி விமானம் பத்து மணி நேரத்துக்கு மேல். இங்கே சீட் என்பது தூக்கம். இரண்டு பெரியவரும் மாறி மாறித் தூங்க வேண்டுமானால் சேர்ந்திருந்தே ஆக வேண்டும். எனவே இரண்டு பிள்ளைகளோடு போகும் நீண்ட பயணத்தில் குடும்பம் முழுதும் ஒரே இடத்தில் இருக்கக் காசு கட்டுவதை நாங்கள் ஆதரிக்கிறோம், அதிலும் இரவு விமானத்துக்கு.

பெரிய விமானங்களின் அமைப்பைப் பார்த்து எடுங்கள். ஏ330-இல் எகானமி வரிசை 2-4-2. நால்வருக்கு நடு நான்கு, இருவருக்கு ஜன்னல் பக்க ஜோடி. போயிங் 777-இல் இப்போது பெரும்பாலும் 3-4-3. போயிங் 787-இலும் ஏ350-இலும் 3-3-3. நால்வர் குடும்பத்துக்கு இது சற்று இடக்கு. முன் தடுப்புச் சுவரை ஒட்டிய வரிசையில்தான் கைக்குழந்தைத் தொட்டில் மாட்டுவார்கள். சீட் வாங்கினால் தொட்டிலும் வந்துவிடாது. அழைத்துத் தனியாகப் பதிய வேண்டும், எடை வரம்பும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த வரிசையில் கைப்பிடி தூக்க முடியாது, அதனால் பிள்ளையை இரண்டு சீட்டில் குறுக்கே படுக்க வைக்க முடியாது. தொட்டிலுக்குப் பெரிதாகிவிட்ட மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த வரிசையைக் கூடுதல் விலைக்கு வாங்குவது வேண்டாத செலவு.

போகும் நாட்டு விதியும் கைகொடுக்கும். கனடாவில் உறவினர் வீட்டுக்குப் போகும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 2019 டிசம்பர் 15 முதல் அங்கே விதி தெளிவானது. 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரை ஒட்டிய சீட். 5 முதல் 11 வரை அதே வரிசையில், இடையே ஒரு சீட்டுக்கு மேல் இடைவெளி கூடாது. 12, 13 வயதுக்கு ஒரு வரிசைக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. எல்லாம் கட்டணம் இல்லாமல். கனடாவுக்குப் போகும், அங்கிருந்து வரும் விமானங்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் போக்குவரத்துத் துறை 2024 ஆகஸ்ட்டில் 13 வயது வரையுள்ளவர்களுக்கு இப்படியொரு விதியை முன்மொழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே எந்த நிறுவனம் இலவச உத்தரவாதம் தருகிறது என்ற பட்டியலை இணையத்தில் போடத் தொடங்கியிருந்தது. ஐரோப்பாவில் ரயன்ஏர் வேறு மாதிரி: 12 வயதுக்குட்பட்ட பிள்ளையோடு வரும் பெரியவர் ஒருவர் கட்டாயம் சீட் வாங்க வேண்டும், பிள்ளைகளுக்கு இலவசம். அங்கே ‘தவிர்’ பொத்தானைத் தேடிப் பயனில்லை.

இந்த விதிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பது வசதி மட்டும் அல்ல. 35,000 அடியில் காற்றழுத்தம் இறங்கினால் சுயநினைவோடு செயல்பட அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான் கிடைக்கும்; அதற்குள் பெரியவர் தனக்கு முகமூடி போட்டு, பிள்ளைக்கும் போட வேண்டும். 44 சீட்டுக்கு மேலுள்ள விமானம் வெளியேறும் வழிகளில் பாதி மட்டும் திறந்த நிலையில் 90 விநாடியில் காலியாக வேண்டும் என்பது வடிவமைப்புச் சோதனை. பிள்ளையைத் தேடி ஒருவர் கூட்டத்துக்கு எதிராகப் பின்னால் ஓடினால் அந்தக் கணக்கு உடைந்துபோகும். பிள்ளைகள் பெரியவரிடமிருந்து ஒரு வரிசைக்கு மேல் விலகக் கூடாது என்று பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் சொல்வதும் இதனால்தான். பாதுகாப்பு அம்சம் ஒன்றைச் சலுகைப் பொருளாக விற்பது முறையல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து.

கட்டிய காசு எப்போது போகும்

நீங்களாகப் பயணத்தை ரத்து செய்தால் சீட் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. தேதி மாற்றினால் புது விமானத்துக்கு சீட் தானாகத் தொடராது. நிறுவனமே விமான வகையை மாற்றினால், உதாரணமாக ஏ320-க்குப் பதில் ஏடிஆர் வந்தால், வரிசை எண்களே மாறிப்போகும். வாங்கியதற்கு ஈடான சீட் தராவிட்டால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேளுங்கள். அதற்கு ரசீதும் பழைய சீட் எண்ணும் கையில் வேண்டும். நேர மாற்றம் பற்றிக் குறுஞ்செய்தி வந்த ஒவ்வொரு முறையும் பிஎன்ஆரைத் திறந்து சீட் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

கூட்டுக் குறியீட்டு விமானங்களில் இன்னும் கவனம் வேண்டும். டிக்கெட் விற்பது ஒரு நிறுவனம், பறப்பது இன்னொன்று. விற்றவரின் தளத்தில் எடுத்த சீட் பறப்பவரின் கணினிக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். பறக்கும் நிறுவனத்தின் பிஎன்ஆரைக் கேட்டு வாங்கி, அதன் தளத்தில் சரிபாருங்கள். இடைத்தரகுச் செயலிகளில் கட்டும் சீட் காசுக்கும் இதே எச்சரிக்கை. முடிந்தவரை டிக்கெட் எங்கே வாங்கினாலும் சீட்டை விமான நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள்.

12 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பிரித்தே உட்கார வைத்துவிட்டார்கள் என்றால், இரண்டு போர்டிங் பாஸையும் படமெடுத்து வையுங்கள். முதலில் நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள், அடுத்து அங்கேயே உள்ள மேல்முறையீட்டு அதிகாரிக்கு. இருவரின் விவரமும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். பதில் திருப்தியில்லை என்றால் அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் பதியுங்கள். சீட் எண்கள், பிள்ளையின் வயது, ஒரே பிஎன்ஆர் என்ற மூன்றும் முதல் வரியிலேயே இருக்கட்டும்.